சுத்தமான கரண்ட்

தமிழில் மின்சாரத்தைப் பற்றிப் பேச நமக்கு நடைமுறையில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. கரண்ட். கரண்ட் வருகிறது, போகிறது, கம்மியாக வருகிறது, ஏறி இறங்குகிறது. கரண்ட் அடிக்கிறது. கரண்ட்டுக்குப் பணம் கட்டுகிறோம். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்திறன் என்று பள்ளிக்கூடம் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துத்தான் நம்மை வெளியே அனுப்பியது. தேர்வு முடிந்த மறுநாளே நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டோம். பேச்சுமொழிக்கு அந்த உரிமை உண்டு. மொழி படித்தவர்கள் அதைக் குறைகூற முன்வரக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் அந்த மூட்டையோடு ஒரு கடைக்குள் நுழையும்போது சிக்கல் தொடங்குகிறது. அங்கே விற்பனையாளரிடம் இன்னொரு மூட்டை காத்திருக்கிறது. அதன் பெயர் பவர் கண்டிஷனர்.

பொருளியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தம் ஹோம் தியேட்டருக்காகப் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கண்டிஷனரை மாற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்க முனைந்திருக்கிறார். விலை ஒரு லட்சத்தை நெருங்குகிறது. ஏழு ஒலிபெருக்கிகள், ஒரு சப்வூஃபர், 55 அங்குலத் தொலைக்காட்சி, நடுவே ஒரு ஏ.வி. ரிசீவர் என்பது அவருடைய ஏற்பாடு. கடைக்காரர் அவரிடம் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: 'சார், உங்க சிஸ்டத்துக்கு சுத்தமான கரண்ட் வேணும்.' நண்பர் என்னிடம் கருத்துக் கேட்டார். இசை கேட்பதில் பித்துள்ளவர்கள் நம் இலக்கிய வட்டத்தில் பலர் உண்டு, அவர்களில் சிலரும் இதே கேள்வியோடு அலைகிறார்கள் என்பதால் அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பவர் கண்டிஷனர் மோசடியல்ல. அதற்கு உள்ளே உண்மையான வேலை செய்யும் உறுப்புகள் இருக்கின்றன. ஆனால் அது செய்யும் வேலை வேறு, அது விற்கப்படும் சொல் வேறு. நம் வீடுகளில் பெரும்பாலும் மேம்படுத்த வேண்டியது அந்தப் பெட்டியை அல்ல, அந்தப் பெட்டி செருகப்படும் சுவருக்குப் பின்னால் உள்ளதை.

கண்டிஷன் என்ற சொல் நம்மூரில் எடுத்திருக்கும் அவதாரங்கள் சுவையானவை. வண்டி நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்கிறோம். கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதற்குக் கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன் என்கிறோம். மகனைச் சேர்க்கும்போது பள்ளிக்கூடம் கண்டிஷன் போடுகிறது. இந்த வழவழப்புத்தான் விற்பவர்களுக்கு உதவுகிறது. இந்தப் பெயரில் விற்கப்படும் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பொருள்கள் இருக்கும். ஒன்றில் பத்து ரூபாய், இருபது ரூபாய் பெறும் சில வட்டுகளும் ஒரு சுருளும். இன்னொன்றில் தூக்கவே முடியாத ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். மூன்றாவது ஒன்று வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, அதிலிருந்து புதிதாக ஓர் அலையை உண்டாக்கித் தரும் ரீஜெனரேட்டர். உண்மையில் அதுவே ஒரு பெரிய ஆம்ப்ளிபயர், சூடாகும், மின்சாரத்தையும் தின்னும். இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பது எண்ணெயையும் தைலத்தையும் ஊசிமருந்தையும் 'மருந்து' என்ற ஒரே சீட்டில் எழுதித் தருவதற்குச் சமம்.

நோய் என்ன என்று கேட்காமல் மருந்தைப் பற்றிப் பேச முடியாது. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு நேரக்கூடியவை பெரும்பாலும் நான்கு. மின்னழுத்தம் நெடுநேரம் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்பது ஒன்று. இடி இறங்கும்போதோ பெரிய மோட்டார்கள் நிற்கும்போதோ கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பகுதிக்குள் வந்துபோகும் பெரும்பாய்ச்சல் இன்னொன்று. மின்விசிறியின் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவை கம்பியில் திருப்பி உமிழும் நுண்ணிய இரைச்சல் மூன்றாவது. எர்த் என்று நாம் அழைக்கும் நிலத்தொடர்பு சரியாக இல்லாமை நான்காவது. முதலாவதற்கு மருந்து ஸ்டெபிலைசர். சந்தையில் உள்ள கண்டிஷனர்களில் பெரும்பாலானவை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உரியவை. நான்காவதற்கு எந்தப் பெட்டியிலும் மருந்து கிடையாது. அதைவிட முக்கியம், நான்காவது நோய் அந்த வீட்டில் இல்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் மற்ற பெட்டிகள் எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். சுத்தமான கரண்ட் என்ற தொடர் குறிவைப்பது அதைத்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் அழுக்காக இருந்தால் இசையும் அழுக்காகும் என்பது கேட்டவுடன் நம்பத் தோன்றும் வாதம். தூய்மை என்ற சொல்லிடம் நமக்குள்ள மயக்கம் தமிழோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் ஆம்ப்ளிபயர் சுவர் மின்சாரத்தை அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. உள்ளே நுழைந்ததும் அது ஒரு டிரான்ஸ்பார்மரில் இறங்கி, டையோடுகளால் ஒரே திசைக்குத் திருப்பப்பட்டு, பெரிய மின்தேக்கிகளில் போய்த் தேங்குகிறது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வோர் அரைச்சுற்றிலும், அதாவது 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அந்தத் தேக்கிகள் நிரப்பப்படுகின்றன. இசை எடுத்துக்கொள்வது அந்தச் சேமிப்பிலிருந்து. தென்மாவட்டத்துக்காரர்களுக்குக் கண்மாயைச் சொன்னால் போதும். வாய்க்காலில் தண்ணீர் குதித்து வருகிறதா, தவழ்ந்து வருகிறதா என்பது மடைக்குக் கீழே உள்ள வயலுக்குத் தெரியாது. கண்மாய் எல்லாவற்றையும் வாங்கிச் சமமாக்கிக்கொள்கிறது. ஓரளவு ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட எந்த ரிசீவரிலும் இந்தக் கண்மாய் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. கண்டிஷனரின் வடிகட்டி கண்மாய்க்கு மேலே வாய்க்காலில் கட்டப்படும் இன்னொரு வலை. சருகு மிகுதியாக வரும் வாய்க்கால் என்றால் அதற்குப் பயன் உண்டு. இல்லையேல் வலையில் சிக்குவது நம் பணம் மட்டுமே.

அப்படியானால் நண்பரின் அறையில் கேட்ட உறுமல் எங்கிருந்து வந்தது? உண்மையிலேயே அங்கே ஒரு உறுமல் இருந்தது. பாட்டு ஏதும் ஒலிக்காதபோது சப்வூஃபரிலிருந்து 'ம்' என்று ஒரு நீண்ட ஒலி.

இந்த 'ம்' என்பதைப் பற்றி இசைப்பிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம், மேற்கத்தியர் ஜி என்று அழைப்பது, கீழே இறங்கிக்கொண்டே வந்தால் 49 ஹெர்ட்ஸில் ஓரிடத்தில் நிற்கும். நம் மின்சாரம் 50. அதன் மடங்குகளான 100, 200, 400 ஆகியவை அதே ஷட்ஜத்தின் மேல்நிலைகளான 98, 196, 392-க்கு மிக அருகில், கொஞ்சம் தூக்கலாக ஒலிக்கும். கர்நாடக இசையில் பெண் பாடகர்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுபவர்கள். ஆக, இந்தியாவில் ஹம் என்பது பாடகியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சுருதி சேராமல் தம்பூரா மீட்டும் ஒரு ஆசாமி. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே அந்த ஆசாமி வேறு சுருதியில் உட்கார்ந்திருக்கிறார். திரைப்பட வெடிச்சத்தத்தில் அவர் காணாமல் போவார். ஆலாபனையின் இடைவெளியில் தலைகாட்டுவார். நண்பருக்கு எரிச்சல் வந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கேபிள் டி.வி.யின் உருண்டைக் கம்பியை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியவுடன் ஆசாமி எழுந்து போய்விட்டார். திரும்பச் செருகினால் திரும்ப வந்தார். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஏதுமில்லை. இரைச்சல் மின்கம்பி வழியாக வரவில்லை. கேபிள் கம்பியின் வெளியுறை வேறெங்கோ ஓரிடத்தில் நிலத்தைத் தொட்டிருக்கிறது, வீட்டுக் கருவிகளின் உலோகக்கூடு வேறொரு மின்நிலையில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டம் இசைக் கம்பிகளின் வழியே வழிதேடிக்கொள்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கண்டிஷனரும் சுவர்ப்பக்கமிருந்து இதைத் தடுக்க முடியாது. கேபிள் கம்பியின் நடுவே பொருத்தும் சிறிய ஐசொலேட்டர் ஒன்று தடுக்கும்.

உலோகக்கூடு ஏன் வேறொரு மின்நிலையில் இருந்தது என்ற கேள்விதான் எங்களை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய்விட்டது. அறுபதைத் தாண்டியவர், ஊரில் எல்லாருக்கும் அண்ணாச்சி. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 228 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். 110-ஐ ஒட்டி ஒரு எண் தள்ளாடியது. சுவிட்ச் போர்டைக் கழற்றினார்.

'சார், இங்க எர்த் பின்னு இருக்கு, எர்த் இல்ல. வயரு சும்மா தொங்குது பாருங்க.'

'அண்ணாச்சி, வீடு கட்டி இருபத்தஞ்சு வருஷமாச்சே. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே?'

'ஒண்ணும் ஆகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது சார்.'

இந்தப் பதிலை நான் வகுப்பில் மேற்கோள் காட்டலாம் என்றிருக்கிறேன்.

முப்பின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள பின் மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருக்கும். செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கருவியின் உள்ளே எங்காவது பேஸ் கம்பி காப்பு உரிந்து உலோகக்கூட்டைத் தொட்டால், பெருகி ஓடும் மின்னோட்டம் இந்தப் பின் வழியாகத் திரும்பும் வழியைக் கண்டு எம்.சி.பி.யை விழச்செய்ய வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் எம்.சி.பி. விழாது. கூடு 230 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். அதைத் தொடும் முதல் மனிதரோ குழந்தையோதான் எர்த் ஆவார்கள்.

அபாயம் அந்த அளவுக்குப் போகாத நாள்களிலும் ஒன்று நடந்துகொண்டிருக்கும். வடிகட்டி உள்ள எந்தக் கருவியிலும் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரு சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலை நிலத்துக்குக் கடத்துவது அவற்றின் வேலை. நிலம் இல்லாதபோது அவை இரண்டும் சேர்ந்து உலோகக்கூட்டை நடுவழியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கவிடும். புறங்கையால் தடவினால் நமநமவென்று ஒரு கூச்சம் தெரியும். அண்ணாச்சியின் மீட்டரில் வந்த எண் இதுதான். இப்போது எல்லாக் கருவிகளையும் ஒரே கண்டிஷனரில் செருகினால், எல்லாவற்றின் கசிவும் கண்டிஷனரின் சொந்தக் கசிவும் ஒன்றுசேர்ந்து எல்லாக் கூடுகளிலும் ஏறும். நண்பர் பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். ஒரு லட்சம் ரூபாய்ப் பெட்டி வந்திருந்தால் இதைவிடப் பெரிய வடிகட்டி, இதைவிடக் கூடுதல் கசிவு.

உறுமலைப் போக்க எர்த் பின்னை அறுத்துவிடும்படி அறிவுரை சொல்லும் கேள்விஞானிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பின்னை அறுத்தால் சில வேளைகளில் உறுமல் நிற்கும் என்பதும் உண்மை. பாட்டுக் கேட்பதற்காக ஒருவர் இந்த அளவுக்குத் துணிய வேண்டியதில்லை. குழி ஒன்று வெட்டி, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் கரியும் நிரப்பி, அங்கிருந்து நல்ல தடிமனான கம்பியை மெயின் போர்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பிரித்துக் கொடுத்து, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிக்கொள்வதற்கு ஆகும் மொத்தச் செலவு அந்தப் பெட்டியின் விலையில் சிறு பங்கு. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

கண்டிஷனரை மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தாண்டு பழைய பெட்டியை மாற்ற ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கடைக்காரர் சொல்லாத காரணம் அது. பெரும்பாய்ச்சலைத் தடுப்பவை எம்.ஓ.வி. என்று அழைக்கப்படும் சிறிய வட்டுகள். 230 வோல்ட் இணைப்புகளில் பெரும்பாலும் 275 வோல்ட் என்று குறிக்கப்பட்டவற்றைப் பொருத்துகிறார்கள். அழுத்தம் வெகுவாக எகிறும்போது அவை கதவு திறந்து பாய்ச்சலைத் தம்மேல் வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கொஞ்சம் தேய்கின்றன. தேய்ந்து முடிந்தபிறகும் பிளக்கில் கரண்ட் வந்துகொண்டிருக்கும், காவலாளி இறந்துபோனது வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதற்கென உள்ள சிறு விளக்கு அணைந்திருந்தால் பெட்டியை மாற்றிவிடலாம். அந்த விளக்கே இல்லாத பழைய பெட்டி என்றாலும் மாற்றலாம். இவை செலவுக்குரிய நியாயமான காரணங்கள். 'திரை விலகும்' என்பது அப்படியான காரணம் அல்ல.

ஆனால் நம் தெருக்களில் இடியைவிடக் கொடிய எதிரி ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மூன்று பேஸ் கம்பிகளை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. திரும்பும் வழியான நியூட்ரல் எல்லாருக்கும் ஒன்றே. கம்பத்தில் எங்காவது அந்த நியூட்ரல் இணைப்பு தளர்ந்தாலோ அறுந்தாலோ, ஒரு வீட்டின் வழியாகப் புகுந்த மின்சாரம் அடுத்த வீட்டின் வழியாக இன்னொரு பேஸுக்குத் திரும்பப் பார்க்கும். இரு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். சுமை குறைவாக உள்ள வீட்டுக்கு அதன் பெரும்பங்கு போய்ச் சேரும். ஒரே இரவில் தெருவில் ஐந்தாறு தொலைக்காட்சிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் எரிந்துபோனதாகக் கேள்விப்படும்போது பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மைக்ரோ வினாடிகளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட எம்.ஓ.வி. இந்த நெடுநேர அழுத்தத்தைத் தாங்காது. சூடேறிக் கருகும், சில வேளை தீயும் பிடிக்கும். இங்கே வேண்டியது அழுத்தம் எல்லை மீறியதும் இணைப்பையே துண்டித்துவிடும் ஏற்பாடு. உயர்விலைக் கண்டிஷனர்கள் சிலவற்றில் அது உண்டு, பலவற்றில் இல்லை. தனியாகவே மெயின் போர்டில் சில ஆயிரம் ரூபாயில் மாட்டலாம். அப்படி மாட்டினால் ஹோம் தியேட்டர் மட்டுமின்றி அடுப்பங்கரையில் உள்ள மிக்ஸியும் பிழைக்கும்.

அழுத்தம் தாழ்வதைப் பற்றி நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்புகளுக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தையே அனுமதித்தன. 230 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டால் 216 முதல் 244 வரை. எண்பதுகளில் தொலைக்காட்சி வாங்கிய வீடுகளில் அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டெபிலைசரும் குடியிருந்தது எதனால் என்பதை இந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசிக்கலாம். அந்த ரிலேயின் டக் டக் ஓசை ஒரு தலைமுறையின் மாலைநேரப் பின்னணி இசை. இன்றைய தொலைக்காட்சிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்கின்றன. ரிசீவர் அப்படியல்ல. உங்கள் பகுதியில் அழுத்தம் அடிக்கடி 200-க்குக் கீழே போகிறது என்றால் தேவை நல்ல ஸ்டெபிலைசர், கண்டிஷனர் அல்ல. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருளில் கிடந்தபோது வாங்கிய இன்வெர்ட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் சதுர அலை வகையைச் சேர்ந்தவை மின்விசிறியையே முனகவைப்பவை. அவற்றில் ரிசீவரை ஓட்டாமல் இருப்பது உத்தமம்.

இனி சொற்களுக்கு வருகிறேன். கண்டிஷனர் மாற்றியவர்கள் எழுதும் அனுபவக் குறிப்புகளைப் படித்திருப்பவர்களுக்குத் தெரியும். பின்னணி இருள் ஆழமாகிறது. கருவிகளுக்கிடையே வெளி பிறக்கிறது. குரலுக்கு உடல் கிடைக்கிறது. எனக்கு இவற்றைப் படிக்கும்போதெல்லாம் நம் மதிப்புரைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அடர்த்தி, செறிவு, வெளி, இருள், மௌனம் என்று அதே அகராதி. கவிதைத் தொகுப்பின் அட்டையிலும் கண்டிஷனரின் அட்டைப்பெட்டியிலும் ஒரே சொற்களை அச்சிட்டுவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள். விலையைத் தெரிந்துகொண்டு கேட்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்த சோதனையைத் திறனாய்வு படித்தவர்கள் அறிவார்கள். கவிதைகளை எழுதியவர்களின் பெயரை நீக்கிவிட்டு மாணவர்களிடம் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். பெரும்புகழ் பெற்றவர்களின் கவிதைகள் சில ஏளனத்துக்கு ஆளாயின. எவரும் பொருட்படுத்தாதவர்களின் கவிதைகள் சில பாராட்டுப் பெற்றன. 1929-இல் வந்த அவருடைய 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' அந்தக் கருத்துரைகளின் மேல் எழுந்த நூல். ஒலித்துறைக்கு இது மிகத் தாமதமாகவே வந்தது. 1982-இல் டேவிட் கிளார்க் ஒலிப்பொறியாளர் சங்க ஆய்விதழில், எந்தக் கருவி ஒலிக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியாமல் சோதனை நடத்துபவருக்கும் தெரியாமல் ஒப்பிடும் முறையை விவரித்தார். ரிச்சர்ட்ஸின் வகுப்பறையை வரவேற்று எழுதும் நம் நண்பர்களே கண்டிஷனர் விஷயத்தில் இம்முறையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். ரசனையைப் பரீட்சைக்கு உட்படுத்தக் கூடாதாம். ஒரு லட்சம் கேட்கும் ரசனையை ஒரு பிற்பகல் நேரம் பரீட்சிப்பதில் என்ன இழிவு என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டிலேயே செய்யலாம். வாங்குமுன் ஒரு வாரம் கடனாகத் தரச்சொல்லுங்கள். நம்பிக்கையுள்ள கடைக்காரர் தருவார். ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் கண்டிஷனரிலும் தலை விழுந்தால் நேராகச் சுவரிலும் செருகட்டும். நீங்கள் அறைக்குள் வந்து கேட்டுவிட்டு எழுதிவையுங்கள். இருபது முறை. பதினைந்தோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னீர்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வந்து கேட்கிறேன். அணைத்துப் போடும் இடைவெளியில் செவியின் நினைவு மங்கிவிடும் என்பது இம்முறையின் குறை. அதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து, மின்விசிறியையும் அணைத்துவிட்டுக் கவனியுங்கள். ஒலிபெருக்கிகளிலிருந்து எதுவுமே காதில் விழவில்லையென்றால் அங்கே அகற்றப்பட வேண்டிய இரைச்சல் என்று எதுவும் இல்லை. காதை ஒட்டிவைத்தால் கேட்கும் மெல்லிய 'ஸ்' ஆம்ப்ளிபயரின் சொந்தப் பிறவிக்குணம். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கலைக்குப் பின்னால் உள்ள சாமான்களைப் பற்றிக் கவலைப்படுவதே அற்பத்தனம் என்று நினைக்கும் நண்பர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மாதவி ஆடும் அரங்கைச் சொல்லவந்த இளங்கோவடிகள் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளவு தருகிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாமல் அப்பால் போகும்படி விளக்கு நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் அரங்கேற்று காதை சொல்கிறது. அழகான அரங்கு, ஒளிமிகுந்த விளக்கு என்று முடித்துக்கொண்டு போகவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் தொடக்ககாலத் திரையரங்கு ஒன்று தன் பெயரையே எலக்ட்ரிக் தியேட்டர் என்று வைத்துக்கொண்டது. கார்பன் குச்சிகளின் சுடரில் படம் ஓடிய காலத்தில் அந்தச் சுடருக்கு நேர்மின்சாரம் வேண்டும். ரெக்டிபயரின் முள்ளையும் தேயும் குச்சிகளையும் பார்த்துக்கொண்டே ஆபரேட்டர் மூன்று மணி நேரம் நின்றார். வெளிச்சம் மங்கினால் கீழிருந்து விசில் வரும். அவரும் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரையரங்கைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆயிரம் பேருக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. ஹோம் தியேட்டரில் நாலு பேருக்கு ஒரு கண்டிஷனர். தெருக்குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றதும் ஆளுக்கொரு வடிகட்டி வாங்கிக்கொண்டோம். அதன்பிறகு தெருக்குழாயைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. மின்சாரம் அப்படிப் பிரித்துக்கொள்ள இடம்தராத பண்டம். என் வீட்டு மலிவு விளக்கு உமிழும் இரைச்சல் அடுத்த வீட்டுக் கம்பியில் இருக்கிறது. அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எழும்பும்போது என் வீட்டு விளக்கு கண்சிமிட்டுகிறது. கம்பத்தின் மேல் உள்ள அந்த நியூட்ரல் இணைப்பு தெருவிலுள்ள எல்லாருக்கும் பொது. அதை என் ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டி இறுக்கித் தராது.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரு வாரம் காலை, மதியம், இரவு எட்டு மணி என மூன்று வேளையும் வீட்டு மின்னழுத்தத்தைக் குறித்து வையுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ளதையும் தனியாகக் குறியுங்கள். அது ஓரிரு வோல்ட்டுக்கு மேல் ஏறி ஏறி இறங்கினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உயிருள்ள பிளக்கில் மீட்டர் முனையை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் அந்த அளவையும் அவரையே எடுக்கச் சொல்லலாம். வீட்டுக்குள் குறை இல்லை, ஆனாலும் மின்னழுத்தம் ஆடுகிறது என்றால் அண்டை வீட்டார் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனுக் கொடுங்கள். 2021 முதல் மின்னகத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். 'கரண்ட் சரியில்லை' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை வோல்ட், எந்தக் கம்பத்திலிருந்து இணைப்பு என்று எழுதுங்கள்.